தாராவி மெடிக்கல் கடை அண்ணாச்சிகளுக்கு: அந்தப் புடியாவில் என்ன இருந்தது?

தாராவி தொண்ணூறு அடி ரோடு, கிராஸ் ரோடு, லேபர் கேம்ப் பக்கம் மெடிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கும், அங்கே கவுன்ட்டரில் நிற்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். டி.ஃபார்ம் என்ற மருந்தாளர் டிப்ளமோ முடித்துவிட்டு ஆறு வருடம் உங்கள் பக்கத்திலேயே நின்று மாத்திரை எண்ணிக் கொடுத்தவன், இப்போது ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கிறேன். அதனால் 'இவனுக்கு நம்ம பொழப்பு என்ன தெரியும்' என்று பாதியில் மூடிவிடாதீர்கள். உதிரி மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துப் புடியா கட்டியவன் நானும்தான். காய்ச்சல் புடியா, மூட்டுவலிப் புடியா, பேதி நிற்கிற புடியா. ஊரில் 'ஒரு செட் குடுங்க' என்பார்கள், இங்கே மும்பையில் புடியா, சமாச்சாரம் ஒன்றுதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: என் ஃபார்மசிஸ்ட் சான்றிதழ் எட்டு மாதம் நான் கால் வைக்காத ஒரு கடையின் சுவரில் தொங்கியது, மாதாமாதம் அதற்குக் காசும் வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதை மறைத்து வைத்துக்கொண்டு உங்களுக்கு மட்டும் புத்தி சொல்ல மனசு வரவில்லை.

போன ஆடி மாதம் என் அத்தையை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அத்தைக்கு 68 வயது, எடை 42 கிலோ. விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து அவள் அவித்து, மாமா சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விற்ற இட்லியில்தான் எங்கள் வீட்டில் மூன்று பேர் படித்தோம். அடுப்படியில் நின்று நின்று முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை, சுகருக்குக் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும். இதெல்லாம் டாக்டர் சீட்டில் இருக்கிறது. முட்டிவலிக்கு மட்டும் சீட்டு கிடையாது, தெருமுனைக் கடையில் இருபது ரூபாய்க்குப் புடியா: ஒரு மஞ்சள், ஒரு குட்டி வெள்ளை, பாதியாக உடைத்த ஒரு ரோஸ். வலி வந்தால் நாலு நாள், ஒரு வாரம் என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறது, எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் மழைத் தண்ணீர் கலந்ததோ என்னவோ, தெரு முழுக்கப் பேதி. அத்தைக்கும் இரண்டு நாள். சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் மாத்திரையை மட்டும் விடவில்லை, 'மாத்திரை நிப்பாட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா' என்று. புடியாவையும் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. உடம்பெல்லாம் தொப்பலாக வியர்வை, வாய் குழறுகிறது. சுகர் 38, ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனையில், கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ஏறுகிற கழிவான கிரியாட்டினின் 3.4.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் பொண்ணு முதலில் கேட்டது, 'கௌன்ஸி கோலி கா ரஹீ தீ?', என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று. சீட்டில் இருந்த மாத்திரைகளை ஒப்பித்தேன். 'வேற?' என்றாள். பிரிக்காத ஒரு புடியாவை நீட்டினேன். அவள் அதைத் திறந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் ஃபார்மசிஸ்ட் என்று ஏற்கனவே சொல்லியிருந்தேன். அந்தப் பார்வைக்காகத்தான் இந்த மடல்.

நடந்தது என்ன என்று உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு உங்கள் கவுன்ட்டரில் இதேபோல ஒரு ஆச்சி வந்து நிற்பாள். மஞ்சள் மாத்திரை டைக்ளோஃபினாக் என்று எண்ணிப் பழகிய என் கைக்குத் தெரிந்தது. வலி மாத்திரைகள் கிட்னிக்குள் ரத்தம் நுழைகிற குழாயைச் சுருக்கும். டெல்மிசார்ட்டான் கிட்னியிலிருந்து ரத்தம் வெளியேறுகிற குழாயைத் தளர்த்தும். கூட இருக்கிற தையசைடு, நீரை வெளியேற்றும் மாத்திரை. வரத்து குறைந்து, போக்கு கூடி, மொத்தத் தண்ணீரும் வற்றினால் வடிகட்டுகிற வேலை எப்படி நடக்கும்? மூன்றும் சேர்ந்தால் கிட்னிக்கு ஆகாது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம், பேதி வேறு அதற்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கிட்னி படுத்ததும் கிளிமெபிரைடு உடம்பை விட்டுப் போக வழியில்லாமல் தங்கி, வெறும் வயிற்றில் சுகரை இழுத்துக் கீழே போட்டது.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது. அந்தக் குட்டி வெள்ளை, என் கணிப்பில், ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோனோ டெக்ஸாமெத்தசோனோ, நீங்கள் 'குட்டி' என்று சொல்லி டப்பாவிலிருந்து எடுப்பீர்களே, அதுதான். மூட்டுவலி ராத்திரியே குறைந்துவிடுகிற மாயம் அதனால்தான். ஸ்டீராய்டு சுகரை ஏற்றும். மூன்று மாதம் முன்னால் அத்தையின் சுகர் திடீரென்று ஏறியது என்று கிளினிக் டாக்டர் கிளிமெபிரைடை ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம் ஆக்கியிருந்தார். அவர் மேல் தப்பில்லை, புடியா விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு மாத்திரை செய்த வேலையை நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மாத்திரை. இது அத்தை வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பிரஷர் மாத்திரை அம்லோடிபைனால் கால் வீங்கும், வீக்கத்துக்கு நீரை வெளியேற்றும் லேசிக்ஸ் கேட்டு உங்களிடம் வருவார்கள். இன்னொரு பிரஷர் மாத்திரை எனலாப்ரிலால் வறட்டு இருமல் வரும், ஒரு பாட்டில் இருமல் மருந்து விற்போம், நானே எத்தனை பாட்டில் விற்றிருக்கிறேன் என்று கணக்கில்லை.

'வயசானவங்க, என்ன பண்றது' என்று ஒருவர் சொன்னார். வயசு ஒரு காரணம்தான். ஆனால் எப்படிக் காரணம் என்று பாருங்கள். அதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் அத்தையின் கிரியாட்டினின் 1.1, பக்கத்தில் நார்மல் என்றுதான் இருக்கும். ஆனால் 68 வயசு, 42 கிலோ, பெண் என்று சூத்திரத்தில் போட்டால் கிட்னி நிமிடத்துக்குச் சுமார் 32 மில்லிதான் வடிகட்டுகிறது, இளவட்டத்தின் கிட்னி செய்கிற வேலையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. சதை குறைந்த உடம்பில் கிரியாட்டினினே குறைவாகத்தான் உண்டாகும், அதனால் ரிப்போர்ட் நல்லபிள்ளை மாதிரி இருக்கும். ஒல்லியான ஆச்சி, ஐந்தாறு மாத்திரை போடுகிறவள், பேதியோ வாந்தியோ காய்ச்சலோ உள்ள நேரம்: இந்த மூன்றும் சேர்ந்தால் வலி மாத்திரையை எடுக்கும் கை நிற்க வேண்டும். அந்த மாதிரி நாளில் பிரஷர், சுகர் மாத்திரைகளைத் தொடரலாமா, சில நாள் நிறுத்தணுமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

டி.ஃபார்மில் படித்திருப்பீர்கள், மறந்திருக்கும். 1977-இல் ராலின்ஸ், தாம்சன் என்ற இருவர் மருந்தின் எதிர்விளைவுகளை ஏ, பி என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஏ என்பது மருந்து தன் வேலையையே அளவுக்கு மீறிச் செய்வது: சுகர் மாத்திரை சுகரை அதிகம் இறக்குவது, ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரினால் ரத்தம் கொட்டுவது, வலி மாத்திரையால் வயிறு புண்ணாவது. டோஸைப் பொறுத்தது, முன்கூட்டியே ஊகிக்கலாம், பெரும்பாலானவை இந்த வகைதான். அத்தைக்கு வந்ததும் இதுதான். ஊகிக்க முடிந்தது என்றால் தடுக்க முடிந்தது என்றுதானே அர்த்தம்? அதுதான் ஆற மாட்டேன் என்கிறது.

பி வகை வேறு மாதிரி. சரியான டோஸிலேயே, ஒருத்தருக்கு மட்டும் வெடிக்கும். நம்ம ஜனங்கள் இதற்கு 'அலர்ஜி' என்பார்கள், 'ஒத்துக்கல' என்பார்கள், பாதி நேரம் 'உடம்புச் சூடு' என்பார்கள். தோல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையன் என்னிடம் வருவான், உதட்டு ஓரத்தில் கருநீலமாக ஒரு வட்டம். ஆறும், தழும்பு கறுத்து நிற்கும், கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி எரியும். 'சூடுண்ணே' என்பான், நானும் களிம்பு கொடுத்து அனுப்புவேன். ஒவ்வொரு பேதிக்கும் அவன் வாங்கிப் போட்ட மாத்திரைதான் அதைக் கிளப்பியது என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. மாத்திரை உள்ளே போன சில மணி நேரத்தில் அதே இடத்தில் அதே வட்டம் வந்தால் அது மருந்து போட்ட முத்திரை. கோ-ட்ரைமாக்ஸசோல், மெட்ரோனிடசோல், ஆர்னிடசோல், வலி மாத்திரைகள் எல்லாம் இதைச் செய்யும். சில பையன்களுக்கு இது சொல்லக் கூசுகிற இடத்தில் வந்து, வேறு ஏதோ வியாதி என்று பயந்து, அதற்கும் ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவார்கள்.

அது சின்னது. பெரியதும் உண்டு. காய்ச்சல், கண் சிவந்து எரிச்சல், வாயெல்லாம் புண், அப்புறம் தோல் தீப்பட்ட மாதிரி உரிவது. ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் என்று பெயர், உயிரையே கொண்டுபோகும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின், யூரிக் ஆசிடுக்குக் கொடுக்கும் அலோப்யூரினால், சல்ஃபா மருந்துகள், இவைதான் அதிகம் சந்தேகப்பட வேண்டியவை. பெரும்பாலும் ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். 'வாய்ப்புண்ணுக்கு ஏதாவது குடுங்க' என்று வருகிறவரிடம் 'புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா' என்று கேட்காமல் பி காம்ப்ளெக்ஸ் எடுத்துக் கொடுக்கிறோம் பாருங்கள், அதில் இருக்கிறது ஆபத்து.

பெனிசிலின் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பேன். தெரியாது. ஊசி போட்டு ஒரு தடவை மூச்சு முட்டிப்போன ஒருவருக்கு அமாக்சிசிலின் எடுத்துக் கொடுத்த தம்பியை என் கண்ணால் பார்த்தேன், அதுவும் அதே குடும்பம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவனைத் திட்டி என்ன பயன், பத்தாவது படித்த பையன், எட்டாயிரம் சம்பளம், சுவரில் மாட்டியிருந்த சான்றிதழில் இருந்த முகம் வேறு யாரோ.

பிறகு வந்தவர்கள் இந்த இரண்டோடு சி, டி, இ, எஃப் என்று நீட்டிக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டு முகம் உருண்டு எலும்பு கரைவது ஒன்று, வருடங்கள் கழித்தோ வயிற்றுப் பிள்ளையிலோ தெரிவது ஒன்று. நம்ம தெருவுக்கு ரொம்ப வேண்டியது கடைசி இரண்டும்தான். இ என்பது திடீரென்று நிறுத்துவதால் வருவது. மாசக் கடைசி, கையில் காசில்லை, அட்டை தீர்ந்துவிட்டது, சம்பளம் வந்ததும் வாங்கலாம் என்று பிரஷர் மாத்திரை அட்டனோலாலை நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்? இதயம் படபடத்து, நெஞ்சுவலியே வரலாம். மூட்டுவலிப் புடியாவும் இதே கதைதான், பல வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு போட்ட உடம்பு தன் சொந்த ஹார்மோனைச் சுரப்பதை மறந்திருக்கும், ஒரே நாளில் நிறுத்தினால் தளர்ந்து விழும். அதனால் இந்த மடலைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ஆச்சியின் புடியாவைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், புடியாவோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

எஃப், மருந்து வேலை செய்யாமல் போவது. இங்கே எத்தனை வீட்டில் டி.பி. மருந்து ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற மாத்திரைகளைச் சீக்கிரம் கரைத்துவிடும், அதில் கருத்தடை மாத்திரையும் ஒன்று. டி.பி. மருந்து சாப்பிடுகிற பெண் உங்களிடம் மாதாமாதம் கருத்தடை அட்டை வாங்குகிறாள், நீங்களும் கொடுக்கிறீர்கள், இரண்டு பேருக்கும் தெரியாது. அவளிடம் இதைச் சொல்லும் ஆள் கவுன்ட்டரைத் தவிர வேறு எங்கே இருக்கிறார்? அதேபோல ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், அதற்குப் பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது சாதாரணம். ஆனால் பசி செத்து, குமட்டி, வெள்ளை விழி மஞ்சளானால் அது சாதாரணம் இல்லை, கல்லீரல் அடி வாங்குகிறது, அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும். மழைக்கால மலேரியாவுக்கு பிரைமாகுவின் கொடுக்கிறார்களே, ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அதில் ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுப்பாகப் போகும். பழைய சீட்டைக் காட்டி வேறு ஒருவருக்கு வாங்க வருபவரிடம் அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பாரசிட்டமால் பற்றியும் ஒரு வார்த்தை. டோலோவும் குரோசினும் கால்பாலும் ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும், ஜனங்களுக்குத் தெரியாது. காய்ச்சலுக்கு ஒன்று, சளி மாத்திரைக்குள் ஒன்று, வலிப் புடியாவில் அசிக்ளோஃபினாக்கோடு சேர்ந்து ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு நாலு கிராம்தான் உச்சவரம்பு, தினம் குடிக்கிறவருக்கு அவ்வளவுகூடத் தாங்காது.

உங்கள் பக்க நியாயம் எனக்குத் தெரியும் அண்ணாச்சி. கிளினிக்கில் நூறு, நூற்றைம்பது ரூபாய், ஒரு நாள் கூலி போச்சு. இருபது ரூபாயோடு வருகிறவனிடம் 'பதினைந்து மாத்திரை அட்டை முழுசா வாங்கு' என்று சொல்ல முடியாது. நீங்கள் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடை கொடுக்கும். சீட்டில்லாமல் எதையுமே தராதீர்கள் என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன். சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான ஷெட்யூல் எச், எச்1 எல்லாம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை.

நான் கேட்பது பெயர். ஒவ்வாமையோ டோஸ் கூடியதோ இரண்டு மருந்து மோதியதோ, எதுவானாலும் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி என்ன மாத்திரை என்பதுதான். அத்தை சாப்பிட்டது கிளிமெபிரைடு என்று சீட்டில் இருந்ததால்தான் அவளுக்கு ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த வகை மாத்திரையால் இறங்கிய சுகர் ஏறிவிட்டு மறுபடி இறங்கும் என்று தெரிந்து, மூன்று நாள் வைத்து மணிக்கு மணி விரலைக் குத்திப் பார்த்தார்கள். பெயர் தெரிந்த மாத்திரைக்கு வைத்தியம் கிடைத்தது. பெயர் தெரியாததற்கு என் ஊகம்தான் இருந்தது.

ஆகவே, டப்பாவிலிருந்து உதிரியாக எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதை விடுங்கள். அட்டையை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டுங்கள், பெயரும் எக்ஸ்பயரியும் உள்ள துண்டு யாரிடமாவது போய்விடும் என்பது தெரிந்ததுதான், அதனால் உறையின் மேல் பேனாவால் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், தேதி, எதற்கு என்று எழுதுங்கள். ஆச்சிகளுக்குத் தமிழில் எழுதினால் பேரப்பிள்ளை இல்லாத நேரத்திலும் படிப்பார்கள். எழுதும் நேரத்தில் வாய் சும்மாதானே இருக்கிறது, மூன்றைக் கேளுங்கள்: வேற என்ன மாத்திரை போடுறீங்க, கிட்னி லிவர் ஆஸ்துமா எதுவும் இருக்கா, முன்னாடி எந்த மாத்திரையாவது ஒத்துக்காம போச்சா. சின்ன வயசுப் பெண் என்றால் முழுகாமல் இருக்கிறாளா என்று அவள் மட்டும் கேட்கிற மாதிரி கேளுங்கள். ஆஸ்துமா ஏன் என்றால் சிலருக்கு ஆஸ்பிரினும் வலி மாத்திரைகளும் இழுப்பைக் கிளப்பிவிடும்.

ஏதாவது நடந்துவிட்டால் மூடி மறைக்காமல் ஒரு போன் போடுங்கள். 1800-180-3024, காசு கிடையாது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிற மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. திட்டம் 2010-இல் ஆரம்பித்தது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நீங்களும் சொல்லலாம், நோயாளியும் சொல்லலாம், பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். 'நாம சொல்லி என்ன ஆகப்போகுது' என்பீர்கள். 1961-இல், கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுத்த தாலிடோமைடு பற்றி ஆஸ்திரேலிய டாக்டர் மெக்பிரைட் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதியது சில வரிக் கடிதம்தான், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்த விஷயம் உலகத்துக்கு எட்டியதில் அதற்கும் பங்கு உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாதவிடாய் வலிக்கு நம்ம பெண்கள் கேட்டு வாங்குகிற மெஃபெனமிக் ஆசிட், அரிதாகச் சிலருக்குக் காய்ச்சலும் தடிப்புமாக வந்து உள்ளுறுப்பையே தாக்கலாம் என்று 2023 நவம்பர் 30-ஆம் தேதி இதே ஆணையம் எச்சரித்தது. இங்கிருந்து போன தகவல்களை ஆராய்ந்துதான் அதைச் சொன்னார்கள். எங்கோ யாரோ ஒருவர் படிவத்தை நிரப்பியிருக்கிறார்.

அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள், கிரியாட்டினின் 1.4-இல் நிற்கிறது. முட்டிவலிக்கு இப்போது எண்ணெய் தேய்த்து, டாக்டர் அளவு சொன்ன பாரசிட்டமால் மட்டும். காலி அட்டைகளைக்கூடத் தூக்கிப் போடாமல் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைக்கிறாள், யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறாள்.

புடியா கொடுத்த கடையில் போய்க் கேட்டேன். பையன் 'சேட்டுக்குத்தான் தெரியும்' என்றான், சேட் 'நாங்க அப்படி எதுவும் கொடுக்கறதே இல்ல' என்றார். அந்தப் புடியா இன்னும் என் பையில் இருக்கிறது. மஞ்சள் எது என்று தெரியும், குட்டி வெள்ளை எது என்று ஊகிக்க முடிகிறது. பாதியாக உடைத்த ரோஸ் மாத்திரையை மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை, உடைந்த பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது, எழுத்து எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கடையாக வருகிறேன், உங்களில் யாருக்காவது அடையாளம் தெரிந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு கவுன்ட்டரில் நின்றவன்